ஆலை மதிலுக்கு உள்ளும் புறமும்

நகரங்களின் சீர்கேட்டைக் குறித்துப் பேசப் புகுவோர் பலரும் பொருட்குறையையே முதற்காரணமாகக் கூறுவர். பொருள் வேண்டற்பாலதே, ஆயினும் அதற்கு முன்னே வேண்டற்பாலது முறை என்பது எமது கொள்கை. கருநாடக எல்லையை அடுத்துள்ள ஓசூர் இதற்குத் தக்க சான்றாகும்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் விரைந்து வளர்ந்தது. 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியுமாயிற்று. ஆண்டுள்ள ஆலைகள் முறையினாற் பெற்ற சிறப்பு உலகறிந்தது. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞரான டெமிங் என்பார் 1950இல் ஜப்பானியருக்குத் தர நிர்வாகம் பற்றி விரிவுரை ஆற்றினர். அவர் பெயரால் அந்நாட்டார் 1951இல் நிறுவிய பரிசினை டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இலும், அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாம் ஆலை 2017இலும் பெற்றன.

அவ்வறிஞர் கொள்கையின் சாரம் எளிது. பிழைகளுட் பெரும்பாலன தொழிலாளியினின்று அல்ல, வேலைமுறையினின்றே பிறக்கின்றன. ஆதலின் முடிந்த பொருளைச் சோதித்துக் கழிப்பதினும், பிழை தோன்றும் இடத்தைத் திருத்துதலே நன்று. திட்டமிடுதல், செய்தல், அளந்து நோக்குதல், திருத்துதல் என்னும் நான்கும் சக்கரம்போற் சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும்.

மதிலுக்குள் வழங்கும் இம்முறை மதிலுக்குப் புறத்தே வழங்குகின்றதா? நம் நகரங்களில் ஒரு துறையார் இட்ட சாலையை மற்றொரு துறையார் குழாய்க்கெனத் தோண்டும் காட்சி யாவரும் அறிந்ததே. இன்னும் தெளிவான எடுத்துக்காட்டுத் தென்பெண்ணையாறு. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே அவ்யாற்றிற் கலக்கின்றது. ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோற் பொங்குகின்றது. அணையில் நின்று நுரையை அகற்றுவது, பழுதுற்ற பொருளை ஆலைவாயிலிற் கழிப்பதனோடொக்கும். நல்ல ஆலையோ, தனக்கு உறுப்புக்கள் செய்து தருவோரிடமே சென்று, அங்குள்ள பிழையை அவரோடிருந்து களைகின்றது. இரு மாநிலத்தாரும் அவ்வாறே ஓரிடத்தமர்ந்து, ஊற்றுக்கண்ணிலேயே நீரை அளந்து திருத்துதல் வேண்டும்.

"நகரம் ஆலையன்று; குடிமக்கள் கூலியாட்களல்லர்" என்று சிலர் தடை நிகழ்த்துவர். அது மெய்யே. ஆலையில் தலைவர் ஆணையிடலாம். நகரத்தில் மக்கள் இசைவு வேண்டும். குடிசைவாழ்வோர் தேவையை இலாப நட்டக் கணக்கால் அளத்தலும் அறமாகாது. ஆயினும் டெமிங் முறையின் உயிர்நிலை ஆணையன்று, அளவையே. தெருத்தோறும் நீர் வரும் நாழிகையும், சாக்கடை அடைபடும் இடமும், சாலை பழுதுறும் காரணமும் ஒரே ஏட்டிற் பதிந்து, அதனை மக்கள் காண வைத்தலில் என்ன தீங்குண்டு? வினாவுதற்குரிய சான்று கையிலுள்ள குடிமகனே இசைவும் மறுப்பும் தக்கவாறு கூறவல்லவன்.

ஆலையார் தம் பொறியாளருட் சிலரை மாதத்திற்குச் சில நாள் நகராட்சிப் பணிக்கு உதவுவாராக. நிர்வாகவியல் பயிலும் நம் மாணவரும் நூலறிவைத் தேர்வுத்தாளோடு நிறுத்தாது, தத்தம் ஊரின் ஒரு தெருவையேனும் அளந்து எழுதத் தொடங்குவாராக. பழுதற்ற வண்டியைச் செய்யக் கற்ற ஊர், அது செல்லும் தெருவையும் பழுதறச் செய்தல் அரிதன்று.