பெட்டிகளும் ஒரு சாவியும்

நமது சங்க நூலகத்தின் பழைய கணினியில் நூற்பட்டியலும், கடந்த ஆண்டுகளின் இதழ்ப் பிரதிகளும் இருப்பதை நேயர்கள் அறிவர். அவ்விரண்டையும் தனித்தனிக் கொள்கலங்களில் இட்டு இயக்கி வருகிறோம். கறுப்புத் திரையில் ஆணைகளைத் தட்டி அவற்றை நடத்துவது எல்லோர்க்கும் கைவராது. ஆதலின், உலாவி வழியாகவே அவற்றை நடத்த உதவும் போர்டெய்னர் என்னும் கருவியை நிறுவினோம். அதில் கற்றதையும் இழந்ததையும் இம்மாதம் எழுதுகிறோம்.

கொள்கலம் என்பது யாது? 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளிருக்கும் சரக்கு எதுவாயினும், பெட்டி ஓர் ஒழுங்கில் அமைந்தால் கப்பலும் ரயிலும் லாரியும் அதை மாற்றி மாற்றிச் சுமக்கும் என்பதே அதன் சூட்சுமம். மென்பொருளிலும் அவ்வாறே. ஒரு மென்பொருளும் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களும் ஒரே கட்டாகின்றன. கணினி மாறினும் கட்டைப் பிரிக்க வேண்டுவதில்லை. 2013இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரப்பிற்று.

நிறுவும் முறை எளிதே. முதலில், போர்டெய்னர் தன் குறிப்புகளை வைத்துக்கொள்ள ‘வால்யூம்’ என்னும் நிலையான சேமிப்பிடம் ஒன்றை உண்டாக்க வேண்டும். பின்னர், இலவசமாகக் கிடைக்கும் சமூகப் பதிப்பை அந்த வால்யூமுடன் ஒரு கொள்கலமாக இயக்கி, 9443 என்னும் போர்ட்டைத் திறந்து, டாக்கர் ஆணைகளை ஏற்கும் ‘சாக்கெட்’ என்னும் வாயிலையும் அதனோடு இணைக்க வேண்டும். உலாவியில் திறந்ததும் எச்சரிக்கை ஒன்று தோன்றும். பாதுகாப்புச் சான்றிதழைக் கருவி தனக்குத் தானே வழங்கிக்கொண்டதால் வருவது அது; நாமே நிறுவிய கணினியாயின் அஞ்ச வேண்டியதில்லை.

உடனே நிர்வாகியின் கடவுச்சொல்லை 12 எழுத்துகளுக்குக் குறையாமல் அமைத்துவிட வேண்டும். 5 நிமிடம் தாமதித்தால் கருவி கதவை அடைத்துக்கொள்ளும். கொள்கலத்தை மறுபடி தொடங்கினாலன்றித் திறவாது. நாம் காப்பி அருந்திவிட்டு வந்து இவ்வுண்மையை அறிந்தோம். முதலில் நுழைபவரே எஜமானர் ஆகக்கூடிய வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் செல்லலாமா? கருவி செய்ததே நியாயம்.

அந்தச் சாக்கெட்டைக் கையாளும் உரிமை பெற்றவர் கணினி முழுவதையும் ஆளும் உரிமை பெற்றவரே ஆவார். எனவே 9443ஐப் பொது இணையத்திற்குத் திறந்துவிடலாகாது. வீட்டு வலைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியார் மட்டுமன்று, சாவி வைத்திருக்கும் நாமும் கேடு விளைவிக்கக் கூடும். ஒரு ஞாயிறன்று நூற்பட்டியல் கொள்கலத்தைப் புதுப்பிக்க எண்ணி, பழையதை நீக்கிப் புதியதை இட்டோம். அழுத்தியது ஒரே பொத்தான். போர்டெய்னருக்கு வால்யூம் கொடுத்த நாம், பட்டியலுக்குக் கொடுக்க மறந்திருந்தோம். வால்யூமில் வைக்காதது கொள்கலத்தோடு அழியும். நம் பிள்ளைகள் வாரந்தோறும் வந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழிலேயே தட்டிப் பதித்த நூற்பெயர்கள் அனைத்தும் மறைந்தன. போர்டெய்னரிலிருந்து முன்பே எடுத்து வைத்த காப்புப் பிரதியும் கைகொடுக்கவில்லை. அது கருவியின் அமைப்புகளை மட்டுமே காக்கும், கொள்கலங்களுக்குள் இருப்பதைக் காப்பதில்லை.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்வது இது. புதிய கொள்கலம் எதையும் இயக்குமுன், அதன் தரவு எங்கே தங்குகிறது என்று பாருங்கள். அத்தரவின் பிரதியை வேறொரு வட்டில் வையுங்கள். நீக்கும் பொத்தானைத் தனியே இருந்து அழுத்தாதீர்கள். அருகில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் முதல் அலமாரியிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிறு மாலை ஓய்வுள்ள பெற்றோர் உடன் வந்து, நூற்பெயர்களை வாசித்துக் கொடுத்தால் நன்றியுடையோம்.