க்யூவுல யார் முன்னாடி?

இன்னிக்கு ஒரு சின்னப் புலம்பல்.

எங்க ஆபீஸ்ல நாப்பது பேரு. நெட் லைன் இறங்க 100, ஏற 10 எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லீங்க, வேகம்). சப்போர்ட்ல ஒரு பொண்ணு, சாயங்கால ஷிஃப்ட். அவங்க பேசுறது கஸ்டமருக்கு விட்டு விட்டுக் கேட்குதாம். ரெண்டு மாசமா ரேட்டிங்ல அடி. அப்ரைசல்ல "கம்யூனிகேஷன் சரியில்லை"ன்னு எழுதிட்டாங்க. ஃபயர்வால் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கல, அதை மேய்க்கிற அடியேன் உட்பட.

ஒரு நாள் சும்மா பிங் போட்டுப் பார்த்தேன். காலைல 15 மில்லிசெகண்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு 800! "எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க"ன்னு நினைச்சு நான் வெச்ச பேக்கப் அப்போதான் மேல ஏறிக்கிட்டிருந்தது. குற்றவாளி நாந்தான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். மோடத்துல ஒரு மெகாபைட் பஃபர் நிரம்பியிருந்தா, அது 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ்ல அது காலியாக 0.8 செகண்ட். ஃபோன் பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கறது நல்லதுன்னு ஐடியூ சொல்லுது. பாவம், அந்தப் பொண்ணு என்ன பண்ணுவாங்க?

மளிகைக் கடைல கல்யாண லிஸ்ட்டோட ஒருத்தர் முன்னாடி நிக்கிறாரு. உங்களுக்கு ஒரு தீப்பெட்டி போதும். கடைக்காரர் விவரமானவரா இருந்தா தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்துட்டு லிஸ்ட்டுக்குத் திரும்புவாரு. எஃப்க்யூ-கோடெல் செய்யறதும் அதேதான். 2012லயே லினக்ஸ் 3.5ல வந்தாச்சு. பிஎஃப்சென்ஸ்ல லிமிட்டர் பக்கத்துலயே இருக்கு.

ஒரே சூட்சுமம்: லிமிட்டரை 10 இல்ல, 9னு வைக்கணும். அப்பதான் க்யூ மோடத்துல நிக்காம நம்ம ஃபயர்வால்ல நிக்கும். நம்ம கைல இல்லாத க்யூவை நாம ஒழுங்குபடுத்த முடியாதே! போட்டேன். பேக்கப் ஓடும்போதே பிங் 25. பேக்கப் கொஞ்சம் லேட்டா முடியுது, யாருக்கும் தெரியவே இல்ல.

"பேக்கப் நேரத்தை மாத்தினா போதாதா?"ன்னு கேட்பீங்க. நாளைக்கு இன்னொருத்தர் பெரிய ஃபைல் ஏத்துவாரே.

விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் வந்தாரு. "என் வீடியோ காலுக்கு மட்டும் ஹை ப்ரையாரிட்டி போட்டுடுப்பா." முடியாதுன்னுட்டேன் (மரியாதையாத்தான்!). இன்னிக்கு அவருக்குப் போட்டா நாளைக்கு அவருக்கு மேல இருக்கறவர் வருவாரு. எல்லாரும் விஐபி ஆனா பழைய க்யூதான். ரொம்ப மெதுவான லைன்ல குரலுக்குத் தனி க்யூ வைக்கறது நியாயம், ஒத்துக்கறேன். ஆனா அது குரலுக்கு, பதவிக்கு இல்ல.

இன்னொண்ணு, எஃப்க்யூ-கோடெல் கனெக்‌ஷனைத்தான் எண்ணும், ஆளை இல்ல. டாரண்ட்ல அம்பது கனெக்‌ஷன் திறக்கறவருக்கு அம்பது பங்கு. அதுக்கு லினக்ஸ்ல கேக்னு ஒண்ணு ஆள் வாரியாப் பிரிக்கும்.

பிங் கிராஃபையும் பேக்கப் நேரத்தையும் சேர்த்து அந்தப் பொண்ணோட லீடுக்கு மெயில் போட்டேன், தப்பு என்னுதுன்னு. "பார்க்கிறோம்"னு பதில். விடப் போறதில்ல.

உங்க ஆபீஸ்லயும் "லைன் பத்தல, பெருசா வாங்கணும்"னு பேச்சு வந்தா, முதல்ல ஒரு பெரிய ஃபைலை ஏத்திக்கிட்டே பிங் போட்டுப் பாருங்க. யாரோ ஒருத்தரோட ரேட்டிங் அந்த க்யூவுல நின்னுக்கிட்டு இருக்கலாம்.