வைபுக்கு செட் ஆகாத பீரோ

என் வயதுக்காரர்கள் முதல் வீடு வாங்கியதும் செய்கிற முதல் காரியம், அந்த வீட்டில் அப்பா அம்மாவின் சாயல் விழாமல் பார்த்துக்கொள்வது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்காகத்தானே தனியாகப் போகிறோம். ஆனால் காலி செய்த இடத்தில் எல்லோரும் ஒரே சாமானைக் கொண்டுவந்து வைக்கிறார்களே, சண்டை அங்கேதான். சமீபத்தில் பெரும்பாக்கத்தில் ஒன்று, போரூரில் ஒன்று, கோவை சரவணம்பட்டியில் ஒன்று என்று மூன்று வீடுகளுக்குப் பால் காய்ச்சப் போனேன். மூன்றிலும் கூம்புக்கால் வைத்த சோபா, வால்நட் நிற டிவி யூனிட், கவிழ்த்த 'வி' மாதிரி கால் வைத்த பிரம்பு நாற்காலி. 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்று மூன்று பேரும் சொன்னார்கள். ஒருவர் 'விண்டேஜ்' என்றும் சேர்த்துக்கொண்டார். நாற்காலியின் வயது எட்டு மாதம்.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பிரிவினையில் லாகூர் கைவிட்டுப் போனதும் இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகர் தேவைப்பட்டது. அப்படி எழுந்ததுதான் சண்டிகர். திட்டம் லெ கொர்பூசியே. அவருடைய உறவுமுறைச் சகோதரர் பியர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலி வேண்டும். கையில் பணம் குறைவு, பெரிய இயந்திரங்கள் கிடையாது. அதனால் தேக்கு, பிரம்பு, தச்சர்களின் கை. யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் அந்த வடிவமைப்பில் பங்கு உண்டு. பல பட்டறைகளில் செய்ததால் ஒரே வரைபடத்து நாற்காலிகூட அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி இருக்கும். யோசித்துப் பாருங்கள், அது கிளார்க் உட்கார்ந்து ஃபைல் பார்த்த நாற்காலி. எந்த அலுவலகத்துச் சொத்து என்று தெரிய, பின்னால் வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்துகளும் எண்ணும் அடித்திருப்பார்கள்.

பிரம்பு அறுந்ததும் அரசாங்கம் அதைக் கழிவுப் பொருளாக்கி மொட்டைமாடியில் குவித்தது, ஏலத்தில் தள்ளியது. ஐரோப்பிய வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் அது லட்சங்களுக்கு விலைபோனது. 2011இல் உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது. ஏமி சீகல் என்ற கலைஞர் 2013இல் 'ப்ராவனன்ஸ்' என்று ஒரு படமே எடுத்தார்: பணக்கார வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, நாற்காலி வந்த வழியே பின்னோக்கிச் சண்டிகருக்குப் போகிற படம். கூத்து என்னவென்றால், எந்த எழுத்து அதை அரசாங்கச் சாமான் என்று காட்டியதோ, அதே எழுத்துதான் இப்போது விலையை ஏற்றுகிறது. போலி நாற்காலிகளில் அந்த எழுத்தையும் போலியாக அடிக்கிறார்கள்.

அமெரிக்கக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1948இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய போட்டியின் பெயரே 'குறைந்த விலை' அறைக்கலன் வடிவமைப்புப் போட்டி. போர் முடிந்து வந்தவர்களுக்குச் சின்ன வீடு, சின்னச் சம்பளம். சார்லஸ் - ரே ஈம்ஸ் தம்பதியின் ஃபைபர்கிளாஸ் நாற்காலி அங்கிருந்துதான் வளர்ந்து 1950இல் சந்தைக்கு வந்தது. ஒரே அச்சில் வார்த்த இருக்கை, சல்லிசான விலை, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்: யோசனை இவ்வளவுதான்.

இந்த யோசனையை உண்மையில் நிறைவேற்றியது எது தெரியுமா? நம் ஊர் வாடகைப் பாத்திரக் கடையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் சேர். ஒரே அச்சு, ஒரே வார்ப்பு, ஒரு கையால் தூக்கலாம். கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு என எல்லாவற்றிலும் அதுதான். பிளாஸ்டிக் மண்ணுக்குக் கேடு, மறுக்கவில்லை. ஆனால் 'மிட்-செஞ்சுரி' ரசிகர்களின் இன்ஸ்டாகிராம் படத்தில் அது ஏன் பால்கனிக்குக் கடத்தப்படுகிறது? மண்ணின் மேல் இருக்கிற அக்கறையாலா? சும்மா சொல்லாதீங்க.

உடனே, "அப்ப தாத்தாவோட ஈஸி சேரை வெச்சுக்கச் சொல்றியா?" என்று கேட்பார்கள். இல்லை. அந்த ஈஸி சேரில் என் பாட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. நம் ஊரில் நாற்காலி என்றைக்கும் வெறும் சாமானாக இருந்ததில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழசெல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. யார் உட்காரலாம், யார் கூடாது என்ற கேள்வியைத் துடைத்துவிட்டு வடிவத்தை மட்டும் வாங்குவதுதான் எனக்குக் கசக்கிறது. சண்டிகர் நாற்காலியிலும் அதேதான் நடந்தது. செய்த தச்சர் யார், பின்னியவர் யார்? ஏலப் பட்டியலில் ஜான்னரே பெயர் மட்டும் கொட்டை எழுத்தில்.

போரூர் நண்பனின் அம்மா ஊரிலிருந்து தன் கோத்ரேஜ் பீரோவை மகனுக்குக் கொடுக்க ஆசைப்பட்டார். சீட்டுப் பணத்தில் வாங்கிய பச்சை நிற பீரோ. பூட்டு இன்னும் 'டணக்' என்று விழும். "வைபுக்கு செட் ஆகாதும்மா" என்றான். பீரோ காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போனது. என்னைக் கேட்டால் இந்தியாவின் மிட்-செஞ்சுரி மாடர்ன் அதுதான்: உள்ளூர்த் தொழிற்சாலை, அலங்காரம் இல்லாத இரும்பு, மாதச் சம்பளக்காரக் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் ஒரே தடவைச் செலவு. அவன் அதை எடைக்குப் போட்டுவிட்டு, வேறொரு ஊர் மாதச் சம்பளக்காரனின் நாற்காலிக்கு நகல் வாங்கி ஈஎம்ஐ கட்டுகிறான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று முழுக்க அந்த நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன். கையால் பின்னிய பிரம்பென்றால் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கும். ஒவ்வொரு இழையும் அதன் வழியாகப் போய்வரும். இதில் துளையே இல்லை. இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளை வெட்டி, பள்ளத்தில் வைத்துப் பசை போட்டு அழுத்தியிருக்கிறார்கள். கிழிந்தால் இழை மாற்ற முடியாது, முழுத் தாளையும் பெயர்க்க வேண்டும். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதைப் பார்வையற்றோர் பள்ளிகளில் ஒரு தொழிலாகவே சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. விரலால் தடவியே இழை எண்ணுகிறவர்கள் அவர்கள்.

"கிழிஞ்சா யார்கிட்டடா குடுப்ப?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் வாரண்டி இருக்குடா" என்றான்.