எழுத்தைப் பெரிதாகப் போட என்ன செலவு?

வயதானவர்களுக்கு இன்டர்நெட் பழகாது என்று இளைய பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. டிரங்க் கால் போட்டுவிட்டுச் சிங்கப்பூர் லைனுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். எஸ்.டி.டி. பூத் வந்தது, பழகினோம். செல்போன் வந்தது, பழகினோம். இன்று வாட்ஸப்பில் பேரன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். இத்தனையும் பழகியவர்களுக்கு ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து விண்ணப்பம் நிரப்புவது மட்டும் ஏன் மலையாகத் தெரிகிறது? அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர் நம் கண்ணை நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் கட்சி.

வெப் டிசைன் என்றால் கலர் கலராகப் படம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நாகூர் ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஓடும் ரயிலின் ஜன்னலில் இருந்து, தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்க்கிறவனுக்கும் ஊர் பெயர் தெரிகிறது. அதை எழுதியவருக்கு யாருக்காக எழுதுகிறோம் என்பது தெரிந்திருந்தது. டிசைன் என்பது அதுதான்.

தமிழ் எழுத்தின் அளவு பற்றிய சிக்கல் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி. அங்கே சீகன்பால்க் அச்சகம் நடத்தியது எல்லோருக்கும் தெரியும். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து இறங்கின. அவை பெரிய எழுத்துகள். அந்த அளவில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சீஸ் அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். அத்தனை பாடும் காகிதப் பஞ்சத்தால் வந்தது.

இப்போது யோசியுங்கள். காகிதம் விலை, ஈயம் விலை, ஆகவே எழுத்துச் சிறுத்தது. அதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் காகிதம் ஏது? எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாகப் போட்டால் கூடுதலாக ஒரு பைசா செலவு உண்டா? கீழே தள்ளிக்கொண்டே போகலாம், பக்கம் தீரவே தீராது. அப்படியிருந்தும் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கம் போல எழுத்தைப் பொடியாக்கி, அதையும் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் போடுகிறார்கள். அதுதான் அழகு என்கிறார்கள்.

அழகு பார்க்கும் கண்ணின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது, பிறகு புரை வேறு. இது நோயாளிகள் கதை அல்ல, வயதானால் எல்லோருக்கும் வருவது.

இதற்கு அளவுகோல் இல்லாமலும் இல்லை. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1994-ல் தொடங்கிய கன்சார்டியம் ஒன்று உண்டு. 2008-ல் அவர்கள் வெளியிட்ட நெறிமுறையில், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் அது 21-க்கு 1. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

தமிழுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் போட்ட அளவை அப்படியே தமிழுக்குப் போட்டால் சரிவராது. நமக்கு மேலே விசிறி உண்டு, கீழே சுழி உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ' மேல் போய் இடிக்கும். எழுத்துப் பொடியானால் முதலில் மறைவது புள்ளி. 'எ'வும் 'ஏ'வும் ஒன்றாகத் தெரியும். விண்ணப்பம் 'ஏற்கப்பட்டது' என்பதற்கும் 'ஏற்கப்படாது' என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளியும் ஒரு காலும்தானே!

தமிழை வலையில் ஏற்றவே எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா? 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு கவிதைத் தொகுப்பு நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியது. அதில் தமிழுக்காக உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அதன் பிறகும் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு. அந்தந்த ஃபான்ட்டை இறக்கி வைக்காவிட்டால் திரையில் கோழி கிளறியது போல் வரும். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி விசைப்பலகையை ஒழுங்குபடுத்தினார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்று எந்தப் போனிலும் தமிழ் தெரிகிறது. இயந்திரத்துக்குத் தெரிகிறது என்று சொல்லவேண்டும். மனிதக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

"இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்களேன், தாத்தா" என்பார்கள். விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. சில பக்கங்கள் விரியவே மாட்டேன் என்கின்றன. அறிவிப்பைப் படமாக ஒட்டிவிட்டால் பெரிதாக்கப் பெரிதாக்க மங்குகிறது. படித்துக் காட்டும் வசதியும் அதில் வேலை செய்யாது. இன்னும் சில இடங்களில் முக்கியமான செய்தி எறும்பு போல ஊர்ந்து ஓடுகிறது. நாம் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது போய்விடுகிறது.

இது வெறும் சலிப்புப் புலம்பல் அல்ல. படிக்க முடியாதவர் என்ன செய்கிறார்? போனைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்கிறார். ஆதார் எண்ணைச் சொல்கிறார். ஓ.டி.பி.யையும் வாய்விட்டு வாசிக்கிறார். பேரன் என்றால் சரி. பேரன் துபாயில் இருந்தால்? முன்பின் தெரியாதவர் கையில் பென்ஷன் கணக்கின் சாவியைக் கொடுத்த மாதிரிதான். நாற்பது வருஷம் ஆபீஸில் கணக்குப் பார்த்தவர், தன் வாழ்நாள் சான்றிதழுக்கு ஒரு பையனிடம் "தம்பி, கொஞ்சம் பாருப்பா" என்று நிற்கிறார். அவருக்கு அறிவு குறையவில்லை. எழுத்துத்தான் குறைந்திருக்கிறது.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. அரசு வலைத்தளங்கள் எப்படி இருக்கவேண்டும் என்ற வழிகாட்டி நெறிகளை மத்திய அரசு 2009-லேயே வெளியிட்டது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆகவே நாம் கேட்பது சலுகை இல்லை.

இப்போதைக்கு நம் கையில் இருப்பதையும் செய்துகொள்வோம். போனின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே என்ற இடத்துக்குப் போனால் எழுத்தளவைக் கூட்டும் கோடு இருக்கும், கடைசி வரை தள்ளிவிடுங்கள். படிக்க முடியாத பக்கத்தைப் பார்த்தால் "எனக்குத்தான் வயதாகிவிட்டது" என்று மூடிவிடாதீர்கள். கீழே கருத்து அனுப்பும் இடம் இருந்தால், எழுத்துத் தெரியவில்லை என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பத்துப் பேர் எழுதினால் ஒருவராவது படிப்பார்.

சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செய்யும் பக்கத்தை வெளியிடுவதற்கு முன்னால், ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு அனுப்புங்கள். கண்ணாடியைத் தேடாமல், யாரையும் கூப்பிடாமல், அவர் கடைசி வரை படித்து முடித்தால் உங்கள் டிசைன் தேறிவிட்டது.