வெயில் ஊருக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும்

சூடேறி நின்ற பழைய கார் ஒன்று ஒர்க் ஷாப்புக்கு வந்தால், தமிழ்நாட்டில் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவது தெர்மோஸ்டாட் வால்வுதான். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்ற கேள்வியோடு அது குப்பைக்குப் போகும். அந்த இடத்தில் புதியது எதுவும் வராது. திண்டிவனம் – விழுப்புரம் நெடுஞ்சாலையில் தினமும் போய்வரும் பழைய வண்டிக்காரர்களுக்கும் இந்த வைத்தியம் பழக்கமானதுதான். ஆனால் இது பழுதுபார்ப்பே அல்ல. ஒரு பழுதை மறைத்து இன்னொன்றை வளர்ப்பது.

விழுப்புரத்தில் அக்னி நட்சத்திர வெயில் 40 டிகிரியைத் தொட்டால் ஊரே தவித்துப்போகும். என்ஜினுக்கு அது போதாது. அதற்குள் ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியில் இருந்தால்தான் பெட்ரோலோ டீசலோ ஒழுங்காக எரியும். அந்தச் சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதும், வந்தபின் வழிவிடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. பெரும்பாலான கார்களில் அது 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். உள்ளே மின்சாரம் எதுவும் இல்லை. ஒரு சிறிய குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. சூட்டில் அது உருகி விரிந்து வால்வைத் தள்ளுகிறது. செர்ஜியஸ் வெர்னட் என்பவர் 1930களில் உருவாக்கிய இந்த மெழுகு முறைதான் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது.

வால்வு இல்லாத வண்டி நாற்கரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம், டெம்பரேச்சர் மீட்டரின் முள் ‘சி’யை விட்டு நகராது. மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. கார்களில் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்றே சென்சார் சொல்லிக்கொண்டிருப்பதால், பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சில என்ஜின்களில் சூடானபின் பைபாஸ் வழியை மூடுவதும் இதே வால்வுதான். அதைக் கழற்றிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலே சுற்றிவரும். பொங்கல் கூட்டத்தில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் வண்டி கொதிக்க அது போதும்.

மெக்கானிக்குகள் காரணமில்லாமல் இப்படிச் செய்வதில்லை. உப்பு கலந்த போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதில் ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துப்போயிருக்கும். வால்வைக் கழற்றியதும் சூடு கொஞ்சம் தணிந்ததுபோலத் தெரியும். சுத்தம் செய்ய வேண்டியது ரேடியேட்டரை; தண்டனையோ வால்வுக்கு.

மாருதி 800 போன்ற எளிய வண்டிகளில் இதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு, மேல் ஹோஸ் போய்ச் சேரும் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் வால்வு தெரியும். பழையதை அடுப்பில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்: கொதித்தும் திறக்காதது செத்த வால்வு, ஆறியும் மூடாததும் அப்படியே. புதியதில் ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினை நோக்கியும், காற்று போகும் சிறு துளை மேலேயும் இருக்க வேண்டும். பழைய கேஸ்கட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக முறுக்க வேண்டும். பலம் காட்டினால் அலுமினியம் விரிசல் விடும். பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ஆறிய என்ஜினை ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் அடங்கியதும் மூட வேண்டும்.

வடித்த கூலன்ட்டைத் தெருவில் கொட்டக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாயோ ஆடோ நக்கினால் உயிர் போகும்.

15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் கட்டி வண்டியை வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் புதுக் கார் வாங்க இயலாதவர்கள். அவர்கள் மூடியபடி சிக்கிய வால்வைக் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளைந்து ஃபேசிங் செலவு ஆயிரக்கணக்கில் வரும். வால்வின் விலையோ சில நூறு ரூபாய்தான். சித்திரை பிறக்கும் முன் ஒரு முறை பாருங்கள். நீங்களே செய்ய முடியாவிட்டால், கழற்றிய இடத்தில் புதியதைப் பொருத்தும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். வால்வு இல்லாமல் வண்டியை எடுத்துவராதீர்கள்.