சர்வர் மேல ஏன்யா பழி போடுறீங்க?

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு மீட்டிங். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிக்கிற டேட்டா லோடு, 20 லட்சம் ரெக்கார்டு, விடிஞ்சும் முடியறதில்லை. எங்க டேமேஜர் சொன்ன தீர்வு ரெண்டு. ஒண்ணு, பெரிய சர்வர் வாங்கணும். ரெண்டு, அதுவரைக்கும் புதுசா சேர்ந்த பையன் ராத்திரி முழிச்சுப் பாத்துக்கணும். "ஜூனியர்தானே, கத்துக்கட்டும்"னாரு. ரெண்டு வாரம் தூங்காம அவன் கத்துக்கிட்டது, காபி மெஷின்ல பால் எத்தனை மணிக்குத் தீரும்ங்கறது மட்டும்தான்.

கோடைத் திறந்து பாத்தேன். ஒரு ஃபார் லூப், உள்ளே ஒரு இன்செர்ட், ஆட்டோகமிட் ஆன்ல. எழுதின புண்ணியவான் யாருன்னு பாத்தா... ஹி ஹி, அடியேன்தான். மூணு வருஷம் முன்னாடி 500 ரெக்கார்டு வச்சு டெஸ்ட் பண்ணினது!

ஆட்டோகமிட்னா ஒவ்வொரு ரெக்கார்டும் தனி டிரான்சாக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் லாக் டிஸ்க்ல பத்திரமா எழுதி முடியற வரைக்கும் டேட்டாபேஸ் காத்திருக்கும். மூட்டை அரிசியை ஒவ்வொரு மணியா எடுத்துட்டுப் போய், ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து வாங்குற கதை. ஒரு கமிட்டுக்கு 5 மில்லிசெகண்டுன்னே வச்சுக்குங்க. 20 லட்சத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம், சும்மா காத்திருக்கறதுக்கே! இதுல நெட்வொர்க்ல போய் வர்ற நேரம், இண்டெக்ஸ் செலவு எல்லாம் தனி.

மருந்து ஒண்ணும் ரகசியமில்லை. சில ஆயிரம் ரெக்கார்டுக்கு ஒரு கமிட். ஒரே இன்செர்ட்ல பல ரெக்கார்டு. அதுக்கும் மேல போஸ்ட்கிரஸ்ல காப்பி, எஸ்கியூஎல் சர்வர்ல பல்க் இன்செர்ட், மைஎஸ்கியூஎல்ல லோட் டேட்டா. இந்தக் கடைசி ஆளு சாதாரண இன்செர்ட்டை விடப் பொதுவா 20 மடங்கு வேகம்னு மைஎஸ்கியூஎல் மேனுவலே சொல்லுது. காலி டேபிள்னா, இண்டெக்ஸை லோடுக்கு அப்புறம் போடுங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "எஃப்சிங்கை ஆஃப் பண்ணுப்பா, பறக்கும்"பாங்க. பறக்கும்தான். நடுவுல கரண்ட் போச்சுன்னா டேட்டாபேஸே மீட்க முடியாம போகலாம். அடுத்தவன் டேட்டாவை வச்சு சூதாட நமக்கு என்ன உரிமை?

கமிட்டை 5000 ரெக்கார்டுக்கு ஒண்ணுன்னு மாத்தி, ஒரே இன்செர்ட்ல 500 ரெக்கார்டு அனுப்பினோம். இப்ப 9 நிமிஷத்துல முடியுது. பையன் வீட்ல தூங்கறான்.

சர்வருக்குப் பணம் கேக்கறதுக்கு முன்னாடி லூப்பைத் திறந்து பாருங்க சாமிகளா. உங்க சோம்பேறித்தனத்துக்கு எவனோ ஒருத்தன் முழிச்சிருக்கான்.

டிஸ்கி: டேமேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்கற தைரியத்துல எழுதினது.