வாங்கும்போது வெள்ளி, விற்கும்போது செம்பு!

பல கடைகளில் கொலுசு வாங்கும்போது 100 கிராமும் வெள்ளிதான். முழு எடைக்கும் வெள்ளி விலை, அதற்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி. அதே கொலுசை விற்கப் போனால் மட்டும் கடைக்காரருக்கு ஞானம் பிறந்துவிடும்! "இது 70 டச்சுதாம்மா, மிச்சம் செம்பு. பத்தவச்ச பொடி வேற கழியும்" என்பார். அப்போ அந்த 30 கிராம் செம்பை வெள்ளி விலைக்கு விற்றது யாராம்? (விற்க வருபவர் ஸ்கூல் ஃபீஸ் அவசரத்தில் இருப்பார், இதையெல்லாம் கேட்க மாட்டார்.)

தங்கத்துக்கு 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது. வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் ஆறிலக்க அடையாளக் குறி வந்தபோதும், விருப்பப்பட்டால் போதும் என்று விட்டார்கள். எந்தக் கடைக்காரர் விருப்பப்படுவார்? கொலுசு வாங்குகிறவர்கள் எத்தனை சதவீதம் வெள்ளி என்று பில்லிலேயே எழுதி வாங்கட்டும். விலையும் அந்தச் சதவீதத்துக்கு மட்டும்.